செடி தன் ஹார்மோனை எப்படித் தயாரிக்கிறது, எப்படி அடக்கி வைக்கிறது?

போன கோடையில் எங்கள் மொட்டைமாடியில் இருந்த மிளகாய்ச் செடிகள் பூவாகக் கொட்டித் தீர்த்தன, ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை. உரக்கடையில் கேட்டபோது, "பூ உதிராம இருக்க ஹார்மோன் டானிக் இருக்கு சார், ரெண்டு மூடி ஊத்தி அடிங்க" என்று ஒரு சின்ன பாட்டிலைக் கொடுத்தார்கள். எத்தனை லிட்டர் தண்ணீருக்கு ரெண்டு மூடி என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு வாளித் தண்ணீரில் கலந்து தெளித்தேன். மூன்றாம் நாள் இலைகளெல்லாம் கீழ்நோக்கி வளைந்து தொங்கின. மிச்சமிருந்த பூவும் பிஞ்சும் சேர்ந்து உதிர்ந்தன.

பூ உதிராமல் காக்கும் மருந்தே பூவை எப்படி உதிர்த்தது என்ற கேள்விக்கு விடை தேடிப் படிக்க ஆரம்பித்ததுதான் இந்தக் கட்டுரை. படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது. செடி ஹார்மோனைப் பற்றி நம் ஊரில் இரண்டு விதமாகப் பேசுகிறோம். உரக்கடையில் அது சத்து, எவ்வளவு போட்டாலும் நல்லது. காய்கறிச் சந்தையில் அது விஷம், "ஹார்மோன் போட்ட காய்" என்றாலே கூடையைக் கீழே வைத்துவிடுகிறார்கள். இரண்டு பேச்சிலும் விட்டுப்போகிற விஷயம், செடி அதைத் தானே தயாரிக்கிறது, தானே அடக்கியும் வைக்கிறது என்பது.

பந்தியில் கேட்கும் குரல்

ஒரு கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அரிசி வெந்திருக்கிறது, சாம்பார் தயார், ஆட்களும் காத்திருக்கிறார்கள். ஆனால் யாராவது ஒருவர் "இலை போடலாம்" என்று குரல் கொடுத்தால்தான் வேலை நகரும். அந்தக் குரலால் யார் வயிறும் நிறையாது, அது இல்லாமல் பந்தியும் நடக்காது. அதே குரலைக் கேட்டு சமையல்கட்டில் இருப்பவர் சோற்றை அள்ளுகிறார், வாசலில் நிற்பவர் ஆட்களை உள்ளே அனுப்புகிறார். சேதி ஒன்றுதான், கேட்பவருக்குத் தகுந்தபடி வேலை மாறுகிறது. பத்துப் பேர் சேர்ந்து கத்தினால் சோறு கூடிவிடாது, குழப்பம்தான் கூடும்.

ஹார்மோன் அந்தக் குரல். உரம்தான் அரிசி பருப்பு. செடி தன் உடலில் மிகச் சிறிய அளவில் தயாரித்து, தன் மற்ற பாகங்களுக்கும், பல நேரம் தயாரித்த இடத்துக்குமே, வேலை சொல்லும் வேதிப்பொருளுக்குத்தான் ஹார்மோன் என்று பெயர். சிறிய அளவு என்றால் எவ்வளவு? ஒரு கிராம் பச்சைத் திசுவில் சில நானோகிராம் என்ற கணக்கில் இருக்கும். நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு.

நமக்கு ஹார்மோன் சுரக்கத் தைராய்டு, கணையம் என்று தனித்தனிச் சுரப்பிகள் உண்டு. செடிக்குச் சுரப்பி கிடையாது. குருத்து, இளம் இலை, வேர் நுனி, முற்றும் விதை என்று வளர்ந்துகொண்டிருக்கும் இடங்களெல்லாம் தயாரிப்பு இடங்கள்தான். இரத்தமும் கிடையாது. அதனால் சேதி போய்ச்சேரும் வழியும் வேறு.

ஆக்சின்: கைமாற்றிப் போகும் செங்கல்

ஜன்னலோரம் வைத்த செடி வெளிச்சத்தைப் பார்த்து வளைவதை எல்லோரும் பார்த்திருப்போம். சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் புல்லின் இளம் முளைகளை வைத்து இதைச் சோதித்து 1880-ல் எழுதினார்கள். நுனிக்கு மட்டும் சின்னத் தொப்பி போட்டு மூடினால் முளை வளையவில்லை. நுனியைத் திறந்துவிட்டு அடிப்பகுதியை மூடினால் வளைந்தது. இதில் கவனிக்க வேண்டியது, வளைவு வருவது நுனியில் இல்லை, அதற்குக் கீழே. வெளிச்சத்தை உணர்வது ஓரிடம், வளைவது வேறிடம் என்றால் நடுவில் ஏதோ ஒன்று சேதி கொண்டுபோகிறது.

அதைக் கையில் பிடித்தவர் நெதர்லாந்தைச் சேர்ந்த ஃபிரிட்ஸ் வென்ட். 1926-ல் ஓட்ஸ் முளைகளின் நுனியை வெட்டி, நம் வீட்டில் இனிப்பு செய்யும் கடல்பாசி ஜெல்லி இருக்கிறதே, அதன் துண்டுகள் மேல் கொஞ்ச நேரம் வைத்தார். அப்புறம் நுனியை எடுத்துவிட்டு, வெறும் ஜெல்லித் துண்டை மட்டும் நுனி வெட்டிய முளையின் ஒரு ஓரத்தில் வைத்தார். இருட்டிலேயே முளை எதிர்ப்பக்கமாக வளைந்தது. நுனியிலிருந்து ஏதோ ஒரு பொருள் ஜெல்லிக்குள் இறங்கி, அங்கிருந்து முளைக்குள் போயிருக்கிறது. கிரேக்க மொழியில் 'வளர்' என்ற பொருள் தரும் சொல்லிலிருந்து அதற்கு ஆக்சின் என்று பெயர் வந்தது.

இதைச் செடி எதிலிருந்து செய்கிறது? புரதங்களுக்கு அடிப்படையான அமினோ அமிலங்களில் ஒன்றான டிரிப்டோபனிலிருந்து. பெரும்பாலும் இரண்டே படிகள். ஒரு நொதி டிரிப்டோபனை இடைப்பொருளாக மாற்றும், இன்னொரு நொதி அதை ஆக்சினாக முடிக்கும். (நொதி என்பது உயிருக்குள் ஒரு வேதிவேலையை விரைவாகச் செய்துமுடிக்கும் புரதம், உறை மோரிலுள்ள பாக்டீரியாக்கள் பாலைத் தயிராக்குவதும் இப்படிப்பட்ட நொதிகளை வைத்துத்தான்.) இரண்டாவது நொதி எங்கே அதிகமோ அங்கே ஆக்சின் அதிகம். ஆகவே அந்த நொதிக்கான மரபணுவை எங்கே, எப்போது இயக்குவது என்பதுதான் செடியின் முதல் பிடி.

இனி அது பயணம் செய்யும் விதம். கட்டட வேலையில் செங்கல்லைக் கைமாற்றி அனுப்புவதைப் பார்த்திருப்பீர்கள். வரிசையில் நிற்கும் ஒவ்வொருவரும் ஒரு பக்கம் வாங்கி மறுபக்கம் கொடுப்பதால் செங்கல் ஒரே திசையில் போகும். தண்டின் செல்களும் அப்படித்தான். ஒவ்வொரு செல்லின் அடிப்பக்கத்திலும் ஆக்சினை வெளியே தள்ளும் கதவுப் புரதங்கள் இருக்கின்றன, மேல்பக்கத்தில் கிடையாது. அதனால் ஆக்சின் நுனியிலிருந்து அடியை நோக்கி, ஏறக்குறைய மணிக்கு ஒரு சென்டிமீட்டர் வேகத்தில் இறங்குகிறது. இந்தக் கதவுக்கு ஆய்வாளர்கள் வைத்த பெயர் 'பின்'. கதவு கெட்டுப்போன ஒரு செடியில் பூவே வராமல் தண்டு குண்டூசி மாதிரி மொட்டையாக நின்றதால் வந்த பெயர் அது.

இந்தத் திசை எவ்வளவு உறுதியானது என்று பார்க்க ஒரு செம்பருத்திக் குச்சி போதும். குச்சியை நறுக்கி நட்டால் வேர் அடிமுனையில்தான் வரும், ஏனென்றால் இறங்கிவரும் ஆக்சின் வெட்டுப்பட்ட இடத்தில் தேங்குகிறது. தலைகீழாக வைத்தாலும் பழைய அடிமுனையில்தான் வேர் விட முயலும். குச்சிக்குத் தன் மேலும் கீழும் எதுவென்று தெரியும்.

ஜன்னலோரச் செடிக்கு வருவோம். வெளிச்சம் பட்ட பக்கம் ஆக்சின் அழிந்துபோவதால் செடி வளைகிறது என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது சரியில்லை. 1957-ல் வின்ஸ்லோ பிரிக்ஸும் அவருடன் வேலை செய்தவர்களும் மக்காச்சோள முளைகளில் அளந்து பார்த்தபோது, இருட்டிலும் ஒருபக்க வெளிச்சத்திலும் மொத்த ஆக்சின் ஏறக்குறைய ஒரே அளவுதான் இருந்தது. குறையவில்லை, நிழல் பக்கத்துக்கு நகர்ந்திருந்தது. அந்தப் பக்கத்துச் செல்கள் கூடுதலாக நீள்வதால் செடி வெளிச்சத்தின் பக்கம் சாய்கிறது.

இதுவரை பார்த்தது: ஆக்சின் குருத்திலும் இளம் இலையிலும் தயாராகிறது. ஒருபக்கக் கதவுகள் வழியாகச் செல்லிலிருந்து செல்லுக்குக் கைமாறி இறங்குகிறது. எங்கே சேருகிறதோ அங்கே தனக்குரிய வேலையை நடத்துகிறது.

நான்கு பிடிகள்

ஒரு ஹார்மோனை அடக்கி ஆள செடியிடம் நான்கு பிடிகள் இருக்கின்றன. எவ்வளவு தயாரிப்பது, எங்கே அனுப்புவது என்ற இரண்டையும் பார்த்துவிட்டோம். மூன்றாவது, கேட்கும் காது. செல்லுக்குள் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதத்துக்கு ஏற்பி என்று பெயர், ஏற்பி இல்லாத செல்லுக்கு அந்தச் சேதி காதில் விழாது. நான்காவது, பலரும் மறந்துவிடுவது, அழிப்பது. வேலை முடிந்ததும் செடி ஆக்சினை ஓர் அமினோ அமிலத்தோடு கோத்து முடக்கிவிடும், அல்லது ஆக்சிஜன் சேர்த்துச் சிதைத்துவிடும். கரும்பலகையைத் துடைக்காமல் மேலே மேலே எழுதினால் எதையும் படிக்க முடியாது இல்லையா, அதுபோல. இந்த நான்காவது பிடியை நினைவில் வையுங்கள், என் மிளகாய்ச் செடிக்கு இதுதான் வினையானது.

நுனியைக் கிள்ளினால் ஏன் கிளைக்கிறது?

செடி முருங்கை முக்கால் மீட்டர் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிடச் சொல்வார்கள். கிள்ளினால் பக்கக் கிளைகள் வெடித்துக் கிளம்பும். நுனி இருக்கும்வரை பக்க மொட்டுகள் அடங்கிக் கிடப்பதற்கு நுனி ஆதிக்கம் என்று பெயர்.

நுனியிலிருந்து இறங்கும் ஆக்சின் பக்க மொட்டுக்குள் போய் அதை அமுக்குகிறது என்று தோன்றும். ஆனால் ஆக்சின் தண்டோடு இறங்கிப் போய்விடுகிறது, மொட்டுக்குள் நுழைவதில்லை. போகிற வழியில் கணுக்களில் இன்னொரு ஹார்மோனின் தயாரிப்பைத் தடுத்துக்கொண்டே போகிறது. அதன் பெயர் சைட்டோகைனின், ஒரு செல்லை இரண்டாகப் பிரிந்து பெருகச் சொல்லும் ஹார்மோன். வேர் நுனிகளிலும் அது நிறையத் தயாராகி நீரோடு மேலே ஏறுகிறது. நுனியைக் கிள்ளியதும் ஆக்சின் ஓட்டம் நிற்கும், கணுவில் சைட்டோகைனின் கூடும், குருத்துக்குப் போய்க்கொண்டிருந்த சர்க்கரையும் பக்க மொட்டுக்குத் திரும்பும், மொட்டு விழித்துக்கொள்ளும்.

சைட்டோகைனின் கதையில் நம் இளநீருக்கும் இடம் உண்டு. 1941-ல் யோஹன்னஸ் வான் ஓவர்பீக் என்பவர் ஊமத்தையின் மிக இளம் கருவைக் கண்ணாடிக் குடுவையில் வளர்க்க முயன்றபோது, தேங்காய்த் தண்ணீரைச் சேர்த்த பிறகுதான் வளர்ந்தது. தென்னையின் குட்டிக் கருவுக்காக மரம் சேர்த்து வைத்த வளர்ச்சிப் பொருட்கள் அந்தத் தண்ணீரில் இருந்தன, சைட்டோகைனின் வகைகளும் அதில் உண்டு என்பது பின்னால் தெரிந்தது. 1957-ல் ஸ்கூக், மில்லர் என்ற இருவர் புகையிலைத் திசுவில் காட்டியது இன்னும் அழகு. ஆக்சின் விகிதம் கூடினால் வேர், சைட்டோகைனின் விகிதம் கூடினால் தளிர், இரண்டும் சரிசமமாக இருந்தால் வெறும் செல் திரள். இன்று நாம் வாங்கி நடும் திசு வளர்ப்பு வாழைக் கன்றுகள் இந்த விகிதக் கணக்கில்தான் பிறக்கின்றன. அளவைவிட, யாரோடு யார் எந்த விகிதத்தில் இருக்கிறார்கள் என்பதே பல நேரம் முடிவு செய்கிறது.

நெல்லை உயர்த்தியதும் குட்டையாக்கியதும்

ஜப்பானிய விவசாயிகள் 'பக்கானே' என்று ஒரு நெல் நோயைச் சொல்வார்கள், 'முட்டாள் நாற்று' என்று பொருள். நாற்று வெளிறி, மற்றவற்றைத் தாண்டி நெடுநெடுவென்று வளர்ந்து, மணி பிடிக்காமல் சாய்ந்துவிடும். 1926-ல் தைவானில் வேலை செய்துகொண்டிருந்த எய்ச்சி குரோசாவா, நோய்க்குக் காரணமான பூஞ்சை வெளிவிடும் ஒரு பொருளே இதைச் செய்கிறது என்று காட்டினார். பூஞ்சையின் பெயரால் அதற்கு ஜிப்ரலின் என்று பெயர் வந்தது. செடிகளும் அதே பொருளைத் தாமாகவே தயாரிக்கின்றன என்பது அப்புறம்தான் தெரிந்தது.

ஜிப்ரலின் வேலை செய்யும் விதம்தான் எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த பகுதி. அது வளர்ச்சியை முடுக்கிவிடுவதில்லை. வளர்ச்சியைப் பிடித்து நிறுத்தும் ஒரு தடைப்புரதம் செல்லில் எப்போதும் உட்கார்ந்திருக்கிறது. ஜிப்ரலின் ஏற்பியில் பொருந்தியதும் அந்தத் தடைப்புரதத்துக்கு 'அகற்று' என்று அடையாளம் ஒட்டப்பட்டு, அது சிதைக்கப்படுகிறது. சரிவில் நிற்கும் வண்டிக்குக் கை பிரேக்கை எடுத்துவிடுவது போலத்தான், தள்ள வேண்டிய தேவையே இல்லை. ஆக்சினும் இப்படித் தடையை அகற்றித்தான் வேலை செய்கிறது.

எவ்வளவு தயாரிப்பது என்ற முடிவு, மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டியின் மிதவை வால்வு போன்றது. ஜிப்ரலின் கூடினால் அதைத் தயாரிக்கும் நொதியின் மரபணு மந்தமாகும், சிதைக்கும் நொதியின் மரபணு சுறுசுறுப்பாகும். மட்டம் இறங்கினால் இரண்டும் தலைகீழ்.

இந்த வால்வில் ஏற்பட்ட ஒரு பழுதுதான் நம் வயல்களை மாற்றியது. தைவானின் ஒரு குட்டை நெல் ரகத்தில், ஜிப்ரலின் தயாரிக்கும் நொதிகளில் ஒன்று பழுதானது. அதை இந்தோனேசியாவின் பீட்டா என்ற உயர ரகத்தோடு பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்த்து உருவாக்கி, 1966-ல் வெளியிட்டதுதான் ஐ.ஆர்.8. பழைய உயர ரகங்களுக்குத் தழைச்சத்து அதிகம் போட்டால் பயிர் சாய்ந்துவிடும். ஜிப்ரலின் குறைந்த குட்டைத் தண்டு சாயாமல் நின்று, உரத்தை மணியாக மாற்றியது. அந்தப் பழுதான மரபணு எதுவென்று 2002-ல்தான் தெரிந்தது. முட்டாள் நாற்றும் ஐ.ஆர்.8-ம் ஒரே ஹார்மோனின் மிகுதியும் குறைவும்.

இதுவரை பார்த்தது: ஆக்சினும் ஜிப்ரலினும் தடையை அகற்றித்தான் வேலையை நடத்துகின்றன. தொட்டி மட்டம் போல, ஹார்மோனின் அளவே அதன் தயாரிப்பைக் கட்டுப்படுத்துகிறது.

எத்திலீன்: தானே பெருகும் சேதி

எத்திலீன் ஒரு வாயு, அதனால் ஒரு பழத்திலிருந்து பக்கத்துப் பழத்துக்கே தாவும். 1901-ல் ரஷ்யாவில் டிமிட்ரி நெல்யூபோவ், ஆய்வுக்கூட விளக்கு வாயுவில் கலந்திருந்த எத்திலீன்தான் பட்டாணி முளைகளைக் கோணலாக வளரவைக்கிறது என்று கண்டார். செடிகளே அதை வெளியிடுகின்றன என்று 1934-ல் உறுதியானது. மெத்தியோனைன் என்ற அமினோ அமிலத்திலிருந்து சில படிகளில் செடி அதைச் செய்கிறது.

மற்றதற்கெல்லாம் மிதவை வால்வு என்றால், பழுக்கும் பழத்தில் எத்திலீன் நேர் எதிர். நள்ளிரவில் ஒரு நாய் குரைத்தால் தெரு முழுக்கக் குரைக்குமே, அதுமாதிரி, கொஞ்சம் எத்திலீன் வந்ததும் அது இன்னும் எத்திலீன் தயாரிக்கச் சொல்கிறது. வாழை, மா, சப்போட்டா, பப்பாளி, சீத்தா எல்லாம் இப்படிப் பழுக்கும். அதனால்தான் பாட்டி மாங்காயை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தார், வாயு வெளியேறாமல் பழத்தைச் சுற்றியே நிற்கும். வாழைத்தாருக்கு மூட்டம் போட்டதும் இதற்காகத்தான், புகையிலும் எத்திலீன் உண்டு. திராட்சை, எலுமிச்சை, மாதுளை இப்படிப் பழுப்பதில்லை, பறித்த பின் பானையில் வைத்துப் பயனில்லை.

கார்பைடு கல்லில் வருவது எத்திலீன் இல்லை, அசிட்டிலீன். அது எத்திலீன் போல் நடிக்கும், கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பும் இருக்கும். அதனால் இந்தியாவில் பழத்துக்கு அது தடை. எத்திலீன் வாயுவுக்கு, அளவு வரம்போடு, அனுமதி உண்டு. சந்தையில் பயப்பட வேண்டியது கார்பைடுக்குத்தான், இரண்டையும் ஒரே 'மருந்து' என்று சொல்லிவிடுகிறோம்.

சுரைக்காய்க்கு ஊசி போட்டால் ஒரே இரவில் பெருக்கும் என்று ஒரு வீடியோ சுற்றுகிறதே, அதில் சொல்லப்படும் ஆக்சிடோசின் விலங்குகளின் ஹார்மோன். அதைக் கேட்கும் ஏற்பி செடியிடம் இல்லை. அதேபோல் செடியின் ஆக்சினுக்கோ ஜிப்ரலினுக்கோ செடி வைத்திருக்கும் ஏற்பிகள் நம்மிடம் இல்லை. ஆனால் தெளிக்கும் எந்த ரசாயனத்துக்கும் உரிய அளவும், அறுவடைக்கு முன் விட வேண்டிய இடைவெளியும் உண்டு, அதில் சமரசம் கூடாது.

அப்சிசிக் அமிலம் என்ற இன்னொரு ஹார்மோனைப் பற்றிச் சுருக்கமாக: தண்ணீர் குறைந்தால் செடி இதை வேகமாகத் தயாரித்து இலைத்துளைகளை மூடுகிறது, விதையைத் தூங்கவும் வைக்கிறது. கேழ்வரகை ஊறவைத்து முளைகட்டும்போது இதன் பிடி தளர்ந்து ஜிப்ரலினின் கை ஓங்குகிறது, மாவுச்சத்து சர்க்கரையாக உடைகிறது. முளைகட்டிய மாவின் இனிப்பு அப்படி வருவதுதான்.

மிளகாய்ச் செடிக்கு என்ன ஆனது?

பூக்காம்பின் அடியில் சில அடுக்குச் செல்கள் உதிர்வதற்கென்றே இருக்கின்றன. பூவிலிருந்தும் பிஞ்சிலிருந்தும் ஆக்சின் காம்பு வழியாக ஓடிக்கொண்டிருக்கும்வரை அந்தச் செல்களுக்கு எத்திலீனின் பேச்சு காதில் ஏறாது. கடும் வெயிலில் மகரந்தம் கெட்டு, பூ கருத்தரிக்காமல் ஆக்சின் ஓட்டம் நின்றால், எத்திலீன் சொல்வது கேட்டுவிடும், காம்பு வெட்டிக்கொள்ளும். தாங்க முடியாத பிஞ்சுகளைச் செடி இப்படித்தான் கழிக்கிறது.

நான் வாங்கிய பாட்டிலில் இருந்தது என்.ஏ.ஏ. என்ற செயற்கை ஆக்சின். நின்றுபோன ஓட்டத்துக்கு அது பதிலாள். மிளகாய்க்கு லிட்டருக்கு 10 மில்லிகிராம் போதும். 4.5 சதவீதக் கரைசல் என்றால் ஒரு மில்லி, நாலரை லிட்டர் தண்ணீருக்கு. நான் ரெண்டு மூடியை ஒரு வாளியில் ஊற்றியதில் அதைப்போலப் பல மடங்கு போயிருக்கும்.

ஆக்சின் அளவுக்கு மீறினால், எத்திலீன் தயாரிக்கும் நொதியை அதுவே தூண்டிவிடும். இலை கீழே வளைந்தது எத்திலீனின் அடையாளம், பூ உதிர்ந்ததும் அதனால்தான். ஆப்பிள் தோட்டங்களில் மிகுதிப் பிஞ்சை வேண்டுமென்றே உதிர்க்கவும் இதே என்.ஏ.ஏ.-தான் தெளிக்கிறார்கள். இயற்கை ஆக்சின் மிகுந்திருந்தால் செடி அதைக் கோத்து முடக்கியிருக்கும். செயற்கை ஆக்சினை அவ்வளவு எளிதாக அழிக்க முடியவில்லை, கரும்பலகை துடைபடாமலே நின்றது. வயலில் அகன்ற இலைக் களைகளைக் கொல்லும் 2,4-டியும் ஒரு செயற்கை ஆக்சின்தான். செடியால் நிறுத்த முடியாத சேதியாலேயே களை முறுக்கி மடிகிறது.

பத்துச் செடியில் மூன்று பிழைத்தன. அவற்றுக்கு நான் எதையும் தெளிக்கவில்லை, மதிய வெயிலுக்குப் பச்சை வலை மட்டும் கட்டினேன். ஆடியில் இரவுகள் குளிர ஆரம்பித்ததும் பூத்தன, அந்தப் பூக்கள் காம்பிலேயே நின்றன.